சிசிலியின் செஃபலூ: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவின் வடகரையில், தீவின் தலைநகர் பலெர்மோவிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் இருக்கிறது செஃபலூ. கிழக்குப் பக்கம் 270 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைப் பாறை, எதிரே மத்தியதரைக் கடல், நடுவில் பழைய ஊர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கக் கால் மணி நேரம் போதும். சின்ன ஊர்தானே என்று பலர் பலெர்மோவிலிருந்து காலை பதினொரு மணிக்கு ரயிலில் வந்து இறங்குவார்கள். பேராலயத்துக்கு முன்னால் ஒரு படம், மணலில் இரண்டு மணி நேரம், ஓர் ஐஸ்கிரீம். ஐந்து மணிக்குத் திரும்பிவிடுவார்கள். வெயிலும் கூட்டமும் உச்சத்தில் இருப்பது அந்த ஆறு மணி நேரத்தில்தான். பாறை அப்போது கொதிக்கும், கடைகள் பாதி மூடியிருக்கும், கடற்கரையில் காலியிடம் இருக்காது. ஊரின் நல்ல நேரங்கள் அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கின்றன.

அதனால் இந்த வழிகாட்டியை இடங்களின் வரிசைப்படி எழுதாமல், வெயிலின் போக்கில் எழுதுகிறேன். எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போவது என்பதைச் சரியாக வைத்துக்கொண்டால், இரண்டு இரவுகளில் செஃபலூவை நிதானமாகப் பார்த்துவிடலாம்.

எப்போது போவது

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி. இந்த மாதங்களில் போக முடிந்தால் வேறு யோசனை வேண்டாம். செப்டம்பரில் கடல் நீர் கோடை முழுவதும் சூடேறி இதமாக இருக்கும், பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டமும் இறங்கிவிடும். ஜூலையும் ஆகஸ்டும் இத்தாலியர்களே விடுமுறைக்குக் கிளம்பும் காலம். அதிலும் ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரத்தில் அறை கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் வாடகை எகிறியிருக்கும். குளிர்காலத்தில் விடுதிகளும் உணவகங்களும் பாதிக்குமேல் மூடிவிடும். ஆனால் பேராலயத்தை மட்டும் ஆற அமரப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அதுவும் ஒரு நல்ல காலம்தான்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்காலப் பயணத்துக்கு நேர்காணல் தேதி கிடைப்பது சிரமம் என்பதால் மூன்று மாதமாவது கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

போய்ச் சேர்வது

பலெர்மோ விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே புந்தா ராயிசியில் இருக்கிறது. நிலையத்துக்குள்ளேயே ரயில் உண்டு. அதில் ஏறி ஒரு மணி நேரத்தில் பலெர்மோ சென்ட்ராலே என்ற மைய ரயில் நிலையம். அங்கே மெஸ்ஸினா பக்கம் போகும் வட்டார ரயிலுக்கு மாறினால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் செஃபலூ.

வட்டார ரயிலுக்கு முன்பதிவு தேவையில்லை. முன்கூட்டி வாங்கினால் விலை குறைவு என்பதும் கிடையாது. ஆனால் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடைப் பக்கம் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை பதிக்க வேண்டும். முத்திரை இல்லாத சீட்டுக்கு அபராதம் உண்டு. வெளிநாட்டவர் என்று விட்டுவிட மாட்டார்கள். கைபேசியில் வாங்கினால், ரயில் கிளம்பும் முன் அதிலேயே பயணத்தைத் தொடங்கியதாகப் பதிவு செய்ய வேண்டும்.

வாடகைக் கார் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பழைய ஊருக்குள் வெளி வாகனங்களுக்குத் தடை. நுழைவாயிலில் கேமரா இருக்கும். தெரியாமல் உள்ளே போய்விட்டால், ஊர் திரும்பிப் பல வாரம் கழித்து வாடகைக் கம்பெனி மூலமாக அபராதம் வந்து சேரும். வழிகாட்டும் செயலி சில சமயம் அந்தத் தெருவுக்குள்ளேயே திருப்பிவிடும், அதை நம்பாமல் பலகையைப் பாருங்கள். நிறுத்துமிடங்களில் நீலக் கோடு என்றால் காசு கட்ட வேண்டும், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோடு உள்ளூர்க்காரர்களுக்கும் சிறப்பு அனுமதி உள்ளவர்களுக்கும். செஃபலூ மட்டும் பார்ப்பதென்றால் கார் தேவையே இல்லை.

எங்கே தங்குவது

இளவயதினர் பழைய ஊருக்குள் தங்கலாம். கல் பதித்த சந்துகள், எதிர் எதிர் உப்பரிகைகளில் காயும் துணிகள் என்று அந்த ஊரின் வாழ்க்கை கண்ணெதிரே நடக்கும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் மின்தூக்கி கிடையாது, படிகள் செங்குத்தானவை, கோடை இரவுகளில் தெருச் சத்தம் நள்ளிரவு தாண்டும். அப்பா அம்மாவோடோ கைக்குழந்தையோடோ போகிறவர்கள் கடற்கரைச் சாலையை ஒட்டியோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலோ அறை எடுங்கள். அங்கிருந்து பழைய ஊருக்குப் பத்து நிமிட நடைதான், தரையும் சமம். அறை வாடகைக்கு மேல் ஊராட்சிக்குச் சேரும் தங்கல் வரி ஒன்று உண்டு. அதைத் தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தனியாக, அநேகமாக ரொக்கமாக வாங்குவார்கள்.

முதல் மாலை: சும்மா நடங்கள்

மதியம் வந்து சேர்ந்து, பையை வைத்து, குளித்துவிட்டு ஐந்தரை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். அன்றைக்கு எந்த நுழைவுச் சீட்டும் வாங்க வேண்டாம்.

ரயில் நிலையத்திலிருந்து மத்தேயோத்தி தெரு வழியாக வந்தால் கரிபால்தி சதுக்கம். அங்கே தொடங்குவதுதான் கோர்சோ ருஜ்ஜெரோ, பழைய ஊரின் முதுகெலும்பான தெரு. அதில் நேரே நடந்தால் வலப்பக்கம் திடீரென்று வெளி திறந்து பேராலயச் சதுக்கம் வரும். அகலமான படிகளுக்கு மேலே இரண்டு கோபுரங்கள், அவற்றுக்குப் பின்னால் அப்படியே நிமிர்ந்து நிற்கும் பாறை. முகப்பு மேற்கைப் பார்த்திருப்பதால் சாயங்கால வெயில் அதன்மேல் முழுதாக விழும். உள்ளே போவதை நாளைக்கு வைத்துக்கொண்டு, இப்போது படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கோபுரங்களைக் கவனியுங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உச்சிக் கூம்புகள் வேறு வேறு. ஒன்று நாற்கோணம், மற்றது எண்கோணம்.

அப்புறம் கடல் பக்கம் இறங்கி வித்தோரியோ எமானுவேலே தெருவுக்கு வாருங்கள். அந்தத் தெருவில் போர்த்தா பெஸ்காரா என்ற வளைவு வாயில் இருக்கிறது. இடைக்கால ஊருக்கு இருந்த நான்கு வாயில்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். அதன் வழியாக வெளியே வந்தால் பழைய துறைமுகமும் சின்ன மணல் கரையும். கடலுக்குள் நீளும் கல் தளத்தின் முனை வரை போய்த் திரும்பிப் பாருங்கள். கடலிலிருந்தே எழும்பியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் மஞ்சள், காவி நிற வீடுகள், அவற்றுக்கு மேலே கோபுரங்கள், அதற்கும் மேலே பாறை. செஃபலூ என்றதும் அஞ்சலட்டைகளில் வரும் காட்சி இதுதான். கோடை மாதங்களில் சூரியன் கடலுக்குள்ளேயே இறங்கும் என்பதால், வீடுகளின் நிறம் கடைசி அரை மணி நேரத்தில் மாறிக்கொண்டே போகும்.

இருட்டிய பிறகு உடனே அறைக்குத் திரும்ப வேண்டாம். ஊரே தெருவுக்கு வரும் நேரம் அது. பாட்டிமார் கைகோத்து நடப்பார்கள், குழந்தைகள் சதுக்கத்தில் பந்து விளையாடுவார்கள். நீங்களும் அந்தக் கூட்டத்தோடு கோர்சோ ருஜ்ஜெரோவில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்.

காலை: பாறைமேல் ஏறுவது

ஊர்க்காரர்கள் இதை லா ரோக்கா, அதாவது பாறை, என்றுதான் சொல்கிறார்கள். ஏறும் வழி கரிபால்தி சதுக்கத்துக்குப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. பாறை ஊருக்குக் கிழக்கே இருக்கிறது, பாதையோ மேற்குச் சரிவில் போகிறது. அதனால் காலையில் ஏறினால் பாதையின் பெரும்பகுதி பாறையின் நிழலிலேயே இருக்கும். நடுப்பகலில் அதே பாதையில் ஒதுங்க நிழல் கிடையாது. வாயில் திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். முதல் நாளே விடுதியில் கேட்டுவைத்துக்கொண்டு, திறந்ததும் முதல் ஆளாகப் போய்விடுங்கள். சிறு கட்டணம் உண்டு. மழையோ பலத்த காற்றோ இருந்தால் வாயிலை மூடிவிடுவார்கள்.

செருப்பு வேண்டாம். சுண்ணாம்புக் கல் படிகள் காலடி பட்டுத் தேய்ந்து வழவழப்பாக இருக்கின்றன. இறங்கும்போதுதான் அது தெரியும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கடை எதுவும் இல்லை.

அரை மணி, முக்கால் மணி நேரத்தில் மதில்களைத் தாண்டி டயானா கோயில் என்று அழைக்கப்படும் கட்டடத்துக்கு வந்துவிடலாம். சாந்து பூசாமல் பெரும் பெரும் கற்களை அடுக்கிக் கட்டிய சுவர்கள். கிறிஸ்துவுக்கு முந்தைய ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்கிறார்கள். உள்ளே மூடு கல் வைத்த ஒரு நீர்த்தொட்டி இருக்கிறது. கோயில் எழும்புவதற்கு முன்பே அந்த நீருக்காகத்தான் மனிதர்கள் இங்கே வந்தார்கள். பைசாந்தியர், அதாவது கிழக்கு ரோமப் பேரரசினர், காலத்தில் இதே இடம் கிறிஸ்தவ ஆலயமாகவும் இருந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு உயரத்தில் இத்தனை கட்டடங்கள்? கடல் வழியாக வரும் படையெடுப்புகளுக்குப் பயந்து ஊர் மக்கள் நெடுங்காலம் இந்தப் பாறைமேல்தான் குடியிருந்தார்கள். வழியெங்கும் தண்ணீர்த் தொட்டிகளும் குடியிருப்பின் இடிபாடுகளும் தென்படுவது அதனால்தான். 858இல் அரேபியர் ஊரைக் கைப்பற்றினார்கள், 1063இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மன்கள். பிறகு மன்னர் இரண்டாம் ரோஜர் மக்களைக் கீழே கடலோரத்தில் மறுபடி குடியேற்றினார். நேற்று நீங்கள் நடந்த தெருக்கள் அப்படி உருவானவை.

கோயிலிலிருந்து இன்னும் அரை மணி ஏறினால் உச்சி. அங்கே ஒரு கோட்டையின் அடிச்சுவர்கள் மட்டுமே மிச்சம். நேரமும் காலும் இடம் கொடுத்தால் போகலாம். ஆனால் என் கண்ணுக்கு இதைவிட நல்ல காட்சி கீழேதான், ஊரைப் பார்த்தபடி இருக்கும் மதில் விளிம்பில். பேராலயத்தின் கூரை, சதுக்கம், செங்கல் நிற ஓடுகள், பிறைபோல் வளையும் மணல் கரை எல்லாம் காலடியில் விரியும். உச்சிக்குப் போக முடியவில்லையே என்று வருந்தத் தேவையே இல்லை.

முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த ஏற்றத்தை முயல வேண்டாம். அவர்களுக்குப் பழைய ஊரின் வடக்கு ஓரத்தில் மார்க்கியாஃபாவா கொத்தளம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டுக் காவல் அரண், கட்டணம் கிடையாது, அலைகள் நேரே கீழே மோதும். வானம் தெளிவாக இருந்தால் அடிவானத்தில் எயோலியத் தீவுகள் தெரியும்.

பேராலயம்: நேரம் ஒதுக்கிப் பாருங்கள்

பாறையிலிருந்து இறங்கி, காபி குடித்து, பத்து பத்தரைக்குப் பேராலயத்துக்குள் போகலாம். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். கடற்கரை உடையில் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதைப் பார்க்கலாம். பையில் ஒரு துப்பட்டா இருந்தால் போதும். பொதுவாக ஆலயத்துக்குள் செல்லக் கட்டணம் இல்லை. கோபுரம், கூரை, கருவூலம், உள்முற்றம் இவற்றுக்குத் தனிச்சீட்டு. பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்க வேண்டாம்.

1130 கிறிஸ்துமஸ் அன்று சிசிலியின் முதல் மன்னராக முடிசூடியவர் இரண்டாம் ரோஜர். மறு வருடமே, 1131இல், இந்தப் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலில் புயலில் சிக்கியபோது, கரை சேர்ந்தால் சேர்ந்த இடத்தில் ஆலயம் கட்டுவதாக நேர்ந்துகொண்டார், கரையேறிய இடம் செஃபலூ என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். வரலாற்றாசிரியர்கள் அதை அவ்வளவாக நம்புவதில்லை. புது மன்னருக்கு இந்தத் துறையில் தன் ஆட்சியை ஊன்ற ஓர் அடையாளம் தேவைப்பட்டது என்பதே அவர்கள் கருத்து. கோட்டை போன்ற கோபுரங்களைப் பார்த்தால் இரண்டாவது காரணமும் பொருந்தித்தான் வருகிறது.

உள்ளே நுழைந்ததும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். வெறும் கல் சுவர்கள், பழைய காலத்துத் தூண்கள், மேலே மர விட்டங்கள், அங்கங்கே 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொருத்திய நவீன வண்ணக் கண்ணாடிகள். அந்தக் கண்ணாடிகள் எனக்கு இங்கே ஒட்டவில்லை. ஆனால் நடுவழியே நேராக முன்னால் போங்கள். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அரைவட்டக் குழிவில், பொன் பின்னணியில், பிரம்மாண்டமான கிறிஸ்துவின் உருவம். எல்லாவற்றையும் ஆள்பவர் என்ற பொருளில் பான்டோக்ரேட்டர் என்று அழைக்கப்படும் இந்த மொசைக்கை, அதாவது வண்ணச் சில்லுகள் பதித்த சித்திரத்தை, கிரேக்க மரபில் தேர்ந்த பைசாந்தியக் கலைஞர்கள் செய்தார்கள். 1148இல் முடிந்ததாக அங்கேயே எழுதியிருக்கிறது.

கொஞ்சம் நின்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வலது கை ஆசி வழங்குகிறது. இடது கையில் திறந்த நற்செய்தி நூல். அதன் ஒரு பக்கம் கிரேக்கம், மறு பக்கம் லத்தீன். இரண்டிலும் ஒரே வசனம்: "உலகின் ஒளி நானே, என்னைப் பின்தொடர்பவர் இருளில் நடக்கமாட்டார்." நெற்றியில் இரண்டு முடிக்கற்றைகள் விழுந்திருக்கின்றன. அவ்வளவு பெரிய முகத்தில் அந்தச் சின்னக் கற்றைகள் கொண்டுவரும் மென்மை எனக்கு ஆச்சரியம். கண்களில் கண்டிப்பு இல்லை. கீழே கைகளை உயர்த்தி மன்றாடும் மரியாவும் நான்கு தலைமைத் தூதர்களும், அதற்குக் கீழே இரண்டு வரிசையாகத் திருத்தூதர்கள்.

இப்போது தலையை உயர்த்தி நடுக்கூடத்து மர விட்டங்களைப் பாருங்கள். அவற்றின் ஓவியங்கள் இஸ்லாமியக் கலைமரபில் வந்தவை. கட்டியவர் வடக்கிலிருந்து வந்த நார்மன் மன்னர், மொசைக் கிரேக்கருடையது, விட்டங்களின் வண்ணம் அரபு மரபு, வழிபாடு லத்தீன். இந்தச் சேர்க்கைக்காகத்தான் 2015இல் யுனெஸ்கோ பலெர்மோவின் அரபு-நார்மன் கட்டடங்களோடும் மொன்ரியாலே பேராலயத்தோடும் சேர்த்து இதையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

ரோஜர் தன்னை இங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்று விரும்பி, செவ்வண்ணப் போர்ஃபிரிக் கல்லில் இரண்டு கல்லறைப் பேழைகளையும் கொடுத்திருந்தார். அது நடக்கவில்லை. 1154இல் அவர் இறந்தபோது பலெர்மோவில் அடக்கம் செய்தார்கள். அவர் பேரன் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1215இல் அந்தப் பேழைகளையும் பலெர்மோவுக்கு எடுத்துப் போனார். பலெர்மோ பேராலயத்துக்குப் போனால் அங்கே பார்க்கலாம்.

தனிச்சீட்டில் எதை எடுப்பது என்று கேட்டால் உள்முற்றத்தைச் சொல்வேன். இரட்டைத் தூண்கள் சூழ்ந்த சதுர முற்றம், தூண் தலைகளில் விலங்குகளும் மனிதர்களுமாகச் செதுக்கல்கள். சில வரிசைகள் சிதைந்துவிட்டன என்றாலும் மிஞ்சியவை அருமை.

நடுப்பகல்: நிழலில் இரண்டு இடங்கள்

ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரை ஊர் ஓய்வெடுக்கும். சிறு கடைகள் மூடியிருக்கும். அந்த நேரத்துக்கு ஏற்ற இடம் வித்தோரியோ எமானுவேலே தெருவில் இருக்கும் இடைக்காலத் துணி துவைக்கும் துறை. தெருமட்டத்திலிருந்து வளைந்த கற்படிகளில் இறங்கினால் கவிந்த கூரைக்குக் கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்கும். செஃபலினோ என்ற சிற்றாற்று நீர் சிங்க முகம் வைத்த இரும்புக் குழாய்களின் வழியே தொட்டிகளில் கொட்டி, கடலுக்குப் போகிறது. தொட்டி ஓரங்களில் பெண்கள் துணி துவைத்த சாய்வுக் கற்கள் அப்படியே இருக்கின்றன. சென்ற நூற்றாண்டு வரை இது புழக்கத்தில் இருந்தது. நுழைவிடத்துக் கல்வெட்டு, இந்த நீர் வெள்ளியைவிடத் தூயது, பனியைவிடக் குளிர்ந்தது என்று புகழ்கிறது. கையை விட்டுப் பாருங்கள், குளிர்ச்சி விஷயத்தில் மிகை அதிகமில்லை. கட்டணம் இல்லை, பத்து நிமிடம் போதும். படி ஈரமாக இருக்கும், பார்த்து இறங்குங்கள்.

இரண்டாவது, பேராலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் மந்த்ராலிஸ்கா அருங்காட்சியகம். பெரும்பாலோர் தவறவிடும் இடம், தவறவிடக் கூடாத இடமும் இதுதான். என்ரீக்கோ பிராயினோ என்ற மந்த்ராலிஸ்கா பிரபு 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். சிப்பி, நத்தை ஓடுகள், நாணயங்கள், பழம்பொருட்கள், ஓவியங்கள் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்து, 1864இல் இறக்கும்போது எல்லாவற்றையும் ஊருக்கே விட்டுச்சென்றார். சூரை மீன் வெட்டி விற்பவரையும் வாங்க வந்தவரையும் தீட்டிய பழங்காலக் கிரேக்கக் கலம் ஒன்று இங்கே இருக்கிறது. விலை பேசும் அந்தக் காட்சியை எந்த மீன்கடையிலும் இன்றும் பார்க்கலாம்.

ஆனால் எல்லோரும் தேடி வருவது அந்தோனெல்லோ தா மெஸ்ஸினா 15ஆம் நூற்றாண்டில் வரைந்த பெயர் தெரியாத ஒரு மனிதனின் உருவப்படத்தை. அளவில் சின்னப் படம்தான். அந்த மனிதன் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறானா, உங்களுக்குத் தெரியாத எதையோ தெரிந்து வைத்திருக்கிறானா என்று முடிவுக்கு வரவே முடியாது. பிரபு இதை லிப்பாரித் தீவிலிருந்து கொண்டுவந்தார். முகத்தில் கீறல் தடங்கள் இருந்தன. படத்தை வைத்திருந்த மருந்துக் கடைக்காரரின் மகள் அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியாமல் கீறிவிட்டாள் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, படத்துக்கு முன்னால் நின்றால் அவள் கோபம் புரிகிறது.

கடற்கரை

பழைய ஊருக்கு மேற்கே ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு நல்ல மணல். ஆழம் மெதுவாகத்தான் கூடும், அதனால் சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏற்ற இடம். நான்கு மணிக்குமேல் போங்கள், அல்லது காலை ஒன்பதுக்குள். லீதோ என்று பலகை இருக்கும் பகுதிகள் தனியார் நடத்துபவை. குடையும் சாய்வு நாற்காலியும் நாள் வாடகைக்குக் கிடைக்கும், தண்ணீருக்கு நெருங்கிய வரிசை என்றால் விலை கூடுதல். நடுநடுவே இருக்கும் பொதுப் பகுதிகளில் துண்டை விரித்து யார் வேண்டுமானாலும் உட்காரலாம். கோடையில் அந்த இடம் காலை பத்துக்கே நிரம்பிவிடும்.

மணலைவிடப் பாறையும் தெளிந்த நீரும் பிடிக்கும் என்றால், லா ரோக்காவுக்கு மறுபக்கம் இருக்கும் கால்தூரா பக்கம் போங்கள். முகமூடி போட்டு மீன் பார்ப்பதற்கு அதுதான் இடம். கரை கரடுமுரடாக இருக்கும் என்பதால் நீர்க்காலணி தேவைப்படும்.

சாப்பாடு

உணவகங்கள் மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை, இரவு ஏழரைக்குமேல். இடையில் பசித்தால் ரொட்டிக் கடையும் காபிக் கடையும்தான். பில்லில் கோபெர்த்தோ என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ இருந்தால் பயப்பட வேண்டாம், அது மேசைக் கட்டணம். காபியை நின்றபடி குடித்தால் விலை குறைவு.

காலை உணவுக்குக் கிரானித்தா கேளுங்கள். பாதாம், எலுமிச்சை, முசுக்கட்டைப் பழம் போன்றவற்றில் செய்யும் நொறுங்கிய பனிக்கூழ். கூடவே மெத்தென்ற பிரியோஷ் ரொட்டி தருவார்கள், அதைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்குப் பாஸ்தா கொன் லே சார்தே. மத்தி மீன், காட்டுப் பெருஞ்சீரக இலை, உலர்திராட்சை, பைன் கொட்டை எல்லாம் சேர்ந்த பாஸ்தா. இனிப்பும் கடல் வாசமும் கலந்து வரும், முதல் வாய்க்கு விநோதமாக இருந்தாலும் மூன்றாவது வாய்க்குப் பழகிவிடும். செஃபலூவின் சொந்தச் சமையல் பாஸ்தா ஆ தையானு: இறைச்சி, கத்திரிக்காய், பாலாடைக்கட்டி அடுக்கி மண்சட்டியில் செய்வது.

சைவர்களுக்குச் சிசிலி கஷ்டமான இடமே இல்லை. கத்திரிக்காயும் தக்காளியும் சேர்ந்த பாஸ்தா அல்லா நோர்மா, புளிப்பும் இனிப்புமான கப்போனாத்தா, கொண்டைக்கடலை மாவில் மெல்லிய வில்லைகளாகப் பொரிக்கும் பனேல்லே. கவனம் வேண்டிய இடங்கள் இரண்டு. அரஞ்சீனா என்ற சோற்று உருண்டையில் வெண்ணெய் வகை என்று சொல்வதிலும் பன்றி இறைச்சி இருக்கும். ஸ்ஃபின்ச்சோனே என்ற தடித்த பீட்சாவில் நெத்திலி போடுவது வழக்கம். "சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பெஷே, சென்ட்ஸா ப்ரோஷூத்தோ" என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள்: இறைச்சி, மீன், பன்றி இறைச்சி வேண்டாம். ப்ரோஷூத்தோவை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு.

ஆகஸ்ட் தொடக்கத்தில் போனால்

கூட்டம் என்று மேலே எச்சரித்திருந்தாலும், ஒரு விதிவிலக்கு. ஆகஸ்ட் 2 முதல் 6 வரை ஊரின் காவலரான மீட்பர் இயேசுவின் திருவிழா. கடைசி நாள் பழைய துறைமுகத்தில் ஒரு நீண்ட மரத்தைக் கடலுக்கு மேல் படுக்கை வாட்டில் நீட்டி, வழுக்கும்படி பூசிவிடுவார்கள். இளைஞர்கள் ஒவ்வொருவராக அதன்மேல் நடந்து போய் முனையிலிருக்கும் கொடியைப் பறிக்க வேண்டும். நம் ஊர்க் கிருஷ்ண ஜெயந்தி வழுக்கு மரத்தைப் படுக்கவைத்து, கீழே கடலை வைத்ததுபோல இருக்கும். கரையில் நல்ல இடம் வேண்டுமானால் இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

இன்னொரு நாள் இருந்தால்

மலைப்பக்கம் போக ஆசை என்றால் காஸ்தெல்புவோனோ. 14ஆம் நூற்றாண்டில் வெந்திமில்யா குடும்பத்தார் தொடங்கிய கோட்டையும், ஒரு வகை மரத்தின் பட்டையைக் கீறி வடியும் இனிப்புப் பாலை உலர்த்தி எடுக்கும் மன்னாவும் அங்கே விசேஷம். பஸ் உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நம்ப முடியாது.

ஒரே ஒரு நாள்தான் என்றால் நான் பலெர்மோவையே சொல்வேன். அரண்மனைக்குள் ரோஜர் கட்டிய கப்பெல்லா பலத்தீனா, செஃபலூவில் பார்த்த அதே கலையின் நெருக்கமான, இன்னும் செறிவான வடிவம். அதோடு, பலெர்மோவில் ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். பல்லரோ சந்தையைச் சுற்றிய தெருக்களில் தமிழ்க் குரல் கேட்கும். நகரின் காவலரான புனித ரோசலியாவின் குகை ஆலயம் பெல்லெக்ரினோ மலைமேல் இருக்கிறது. அங்கே கத்தோலிக்கத் தமிழரோடு இந்துத் தமிழரும் நேர்த்தி வைத்து மலை ஏறிப் போகிறார்கள். ஊர்ப்பேருந்து மேலே வரை போகும்.

செஃபலூவுக்குத் திரும்பும் கடைசி ரயில் எப்போது என்பதைப் பலெர்மோவில் இறங்கியதுமே பலகையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறும் விடுமுறை நாளும் என்றால் அட்டவணை மாறும். பலகையிலோ அட்டவணையிலோ "ஃபெஸ்தீவோ" என்று இருந்தால் அது விடுமுறை நாளுக்கான ரயில், "ஃபெரியாலே" என்றால் வேலை நாளுக்கானது.